கடலடியைக் கரைக்குக் கொண்டுவந்த லூயி பூத்தான்

(பி.எஸ்ஸி. விலங்கியல், இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுதியது)

நமது கல்லூரியின் விலங்கியல் ஆய்வுக்கூடத்திற்குள் நுழைந்தவர்கள் அனைவரும் அந்தச் சுவரலமாரியைப் பார்த்திருப்பார்கள். வரிசை வரிசையாகக் கண்ணாடிக் குப்பிகள், குப்பிகளுக்குள் ஃபார்மலின், ஃபார்மலினுக்குள் கடல் உயிர்கள். நட்சத்திர மீன், கடல் வெள்ளரி, கடற்சாமந்தி, கடற்குதிரை என்று ஒட்டப்பட்டிருக்கும் சீட்டுகளைப் படித்தால்தான் எது எதுவென்று விளங்கும். ஏனெனில் எல்லாவற்றுக்கும் ஒரே நிறம். பலகாலம் துவைத்துப் பழுப்பேறிய வேட்டியின் நிறம் அது.

முதலாண்டில் அந்தக் கடற்சாமந்தியைப் பார்த்துப் பென்சிலால் வரைந்து, உணர்விழைகளையும் வாயையும் அடித்தட்டையும் குறித்து, ரெக்கார்டு நோட்டில் கையொப்பமும் வாங்கிவிட்டேன். மதிப்பெண்ணும் கிடைத்தது. ஆனால் அது உயிருடன் இருக்கும்போது எப்படி இருக்கும் என்று யாரேனும் கேட்டிருந்தால் விழித்திருப்பேன். கடலையே அதுவரை கண்டிராதவன் நான். எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். என் தந்தையார் அந்தக் கிணறுகளில் இறக்கும் நீர்மூழ்கி மோட்டார்களைப் பழுது பார்ப்பவர். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அடியேன்தான்.

சென்ற ஆண்டு துறையின் கல்விச் சுற்றுலா பாம்பனுக்கு அமைந்தது. காலை வேளையில் நாட்டுப்படகொன்றில் அழைத்துச் சென்றார்கள். காற்று அடங்கியிருந்தது. படகின் விளிம்பில் குனிந்து பார்த்தபோது, கீழே ஒரு பவளப்பாறையும் அதைச் சுற்றி மஞ்சள் கோடிட்ட சிறு மீன்களும் தெரிந்தன. குப்பியில் கண்டது ஒன்று; இங்கே கண்டது வேறொன்று. உடனே கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தேன். விடுமுறையில் ஊருக்குப் போனபோது, கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அப்பாவும் அம்மாவும் ஆவலோடு கேட்டார்கள். படத்தைக் காட்டினேன். அதில் இருந்ததெல்லாம் வானத்தின் பளபளப்பும் என் தலையின் நிழலும்தான். வாயால் சொல்ல முயன்றேன். பாதியிலேயே சொற்கள் தீர்ந்துவிட்டன.

நீருக்கு அடியில் இருப்பதை, அங்கே போக முடியாதவர்களுக்குக் காட்டுவது எப்படி? இந்த வினாவை எனக்கு முன்னர் யாரோ கேட்டிருக்க வேண்டும் என்று நூலகத்தில் தேடத் தொடங்கினேன். அப்படிக் கிடைத்த பெயர்தான் லூயி பூத்தான். தமிழில் எழுதினால் வினைமுற்றுப்போல் ஒலிக்கும் இப்பெயருக்கு உரியவர் பிரெஞ்சு நாட்டு விலங்கியலார். உலகில் இன்று கடலுக்குள் மூழ்கிக் கடல் உயிர்களைப் படம் பிடிக்கும் எவரும் தம் தொழிலின் வரலாற்றைச் சொல்லப் புகுந்தால், அவர் பெயரைச் சொல்லாமல் தொடங்க முடியாது.

பூத்தான் 1859ஆம் ஆண்டு பாரிசுக்கு அருகிலுள்ள வெர்சாய் நகரில் பிறந்தார். பாரிசில் இயற்கை அறிவியல் பயின்றார். 1880இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் பன்னாட்டுக் கண்காட்சி ஒன்று நடந்தது. அதற்குச் சென்ற பிரெஞ்சுக் குழுவில் அவரும் இடம்பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. ஏறக்குறைய என் வயது. கண்காட்சியோடு திரும்பிவிடாமல், ஒன்றரை ஆண்டுக் காலம் அக்கண்டத்தில் தங்கி அங்குள்ள விலங்குகளை ஆராய்ந்தார் என்று படிக்கும்போது எனக்குச் சற்றுப் பொறாமையாகவே இருந்தது.

நாடு திரும்பியபின் அவர் தேர்ந்துகொண்டது மெல்லுடலிகளின் உலகம். ஓட்டின் உச்சியில் சாவித்துளைபோல் ஒரு துளையுள்ள ஃபிஸுரெல்லா என்னும் கடல் நத்தையின் உடலமைப்பையும் வளர்ச்சியையும் பற்றி 1880களின் நடுவில் பெரிய ஆய்வு ஒன்றை எழுதி முடித்தார். வயிற்றுக்காலிகளின் உடல் முறுக்கம் என்று நாம் படம் போட்டுப் படிக்கிறோமே, அம்முறுக்கத்தின் காரணத்தை ஆராய்ந்தவர்களுள் இவரும் ஒருவர். லீல் நகரில் விரிவுரையாளராக இருந்தார். செங்கடலுக்குச் சென்று அங்குள்ள மெல்லுடலிகளையும் ஆராய்ந்தார். இவ்வளவோடு நின்றிருந்தால் அவர் பெயர் தடித்த நூல்களின் அடிக்குறிப்புகளில் மட்டும் வாழ்ந்திருக்கும். அவரைக் கடலடிக்கு இறக்கியது பன்யூல்ஸ்.

பன்யூல்ஸ் என்பது பிரான்சின் தென்கோடியில், ஸ்பெயின் எல்லைக்கு அருகே, மத்தியதரைக் கடலோரம் அமைந்த சிற்றூர். லக்காஸ் தூத்தியே என்னும் புகழ்பெற்ற விலங்கியல் பேராசிரியர் 1880களின் தொடக்கத்தில் அங்கே ஒரு கடல் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். அதற்கு அராகோ ஆய்வுக்கூடம் என்று பெயர். இந்த அராகோ யார் தெரியுமா? அந்த வட்டாரத்தில் பிறந்த பெரும் இயற்பியலார். 1839இல் பாரிசு அறிவியல் கழகத்தில் எழுந்து நின்று, ஒளிப்படம் என்ற ஒன்று கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று உலகுக்கு அறிவித்தவர் அவரே. அவர் பெயர் தாங்கிய கூடத்தில்தான் கடலடி ஒளிப்படம் பிறந்தது. இதை யாரும் திட்டமிட்டிருக்க முடியாது. ஆயினும் எண்ணிப் பார்க்க இனிக்கிறது.

விலங்கியலார் தம் உயிரினங்களை அவை வாழும் இடத்திலேயே சென்று காணவேண்டும் என்ற எண்ணம் அக்காலத்தில் பிரான்சில் வேரூன்றத் தொடங்கியிருந்தது. 1844இலேயே மில்ன் எட்வர்ட்ஸ் என்ற பிரெஞ்சு விலங்கியலார் சிசிலித் தீவின் கரையோரம் தலைக்கவசம் அணிந்து நீருக்குள் இறங்கியிருக்கிறார். பன்யூல்ஸ் ஆய்வுக்கூடத்திலும் மூழ்குடை இருந்தது. அந்த உடையை இன்றைய மெல்லிய ரப்பர் உடையோடு ஒப்பிடக்கூடாது. செம்பாலான தலைக்கவசம், நீர் புகாத தடித்த துணியுடை, மார்பிலும் முதுகிலும் ஈயக்கட்டிகள், காலில் ஈயம் பதித்த செருப்பு. எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய 80 கிலோ. படகில் இருப்பவர்கள் கையால் சுழற்றும் பம்பு, நீண்ட குழாய் வழியே காற்றை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இடையில் பம்பு நின்றால் கீழே இருப்பவரின் கதை முடிந்தது. பேச வழியில்லை; கயிற்றை இழுத்துத்தான் செய்தி சொல்ல வேண்டும்.

அப்படி இறங்கிய பூத்தான், கடலின் அடித்தளத்தில் தாம் கண்ட காட்சியில் தம்மை மறந்தார். கடற்புல்வெளிகள், பாறைகளில் விசிறிபோல் விரிந்த உயிர்கள், அஞ்சாமல் அருகில் வரும் மீன்கள். மேலே வந்து அவற்றை விளக்கியபோது கேட்டவர்களின் கண்ணில் ஐயமே தெரிந்தது என்று நான் கற்பனை செய்துகொள்கிறேன். சொல்லால் வருணிப்பது போதாது, கண்டதைக் கண்டபடி கொண்டுவர வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். ஆண்டு 1893. அவருக்கு வயது முப்பத்து நான்கு.

அவருக்கு முன்னர் முயன்றவர் எவருமே இல்லை என்று சொன்னால் அது பிழையாகும். 1856இல் இங்கிலாந்தின் வேமவுத் கடற்கரையில் வில்லியம் தாம்சன் என்னும் வழக்கறிஞர், ஒளிப்படக் கருவியை ஒரு பெட்டியில் அடைத்துக் கயிற்றால் கடலுக்குள் இறக்கிப் படமெடுத்தார். பெட்டிக்குள் நீர் புகுந்துவிட்டது. கிடைத்த படமும் மங்கல். மேலும் அவர் படகிலேயே இருந்தார். கருவி மட்டும் கீழே போயிற்று. தாமே மூழ்கி, இதைத்தான் எடுக்கவேண்டும் என்று பார்த்துத் தேர்ந்து, தெளிவான படத்தோடு மேலே வந்த பெருமை பூத்தானையே சாரும்.

முதல் தடை நீரின் அழுத்தம். துணைப்பாடமாக இயற்பியல் படிக்கும் நமக்கு இது எளிய கணக்கு. பத்து மீட்டர் இறங்கினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ எடை கூடுதலாக அழுத்தும். பெட்டியின் ஒரு பக்கம் 20 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் உடையது என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு பக்கத்தின் மேல் மட்டும் 400 கிலோ. இடுக்கு எங்கே இருக்கிறது என்று தேடிப்பிடித்து நீர் உள்ளே பாயும். பெட்டியை மேலும் மேலும் தடிமனாக்குவது ஒரு வழி. ஆனால் அதை யார் தூக்குவது?

இங்கேதான் பூத்தானின் உடன்பிறந்தாரான ஓகுஸ்த் துணைக்கு வந்தார். அவர் பொறியாளர். ஒரு சிறு ஒளிப்படக் கருவியைச் செப்புப் பெட்டிக்குள் பொருத்தி, மூடியை நீர் புகாதபடி அடைத்து, தட்டு மாற்றுவதற்கும் திரையைத் திறப்பதற்கும் வெளியிலிருந்தே இயக்கும் பிடிகளை அமைத்தார். இவற்றைவிட என்னைக் கவர்ந்தது, பெட்டியோடு இணைத்த ஒரு ரப்பர்ப் பை. மேலே இருக்கும்போது பையில் காற்று நிறைந்திருக்கும். ஆழத்தில் இறங்க இறங்க நீர் அந்தப் பையை நசுக்கும். நசுங்கிய பையிலுள்ள காற்று பெட்டிக்குள் போகும். ஆகவே வெளியில் அழுத்தம் எவ்வளவு கூடுகிறதோ, உள்ளேயும் அவ்வளவு கூடிவிடும். இருபுறமும் சமமானபின் நீருக்கு உள்ளே நுழைய என்ன அவசரம்? பாயில் விதியை நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம். அந்தச் சகோதரர்கள் அதை ஒரு பையில் கட்டிக் கடலுக்குள் கொண்டுபோனார்கள். கருவிகளைச் செய்வதிலும் இறக்குவதிலும் ஆய்வுக்கூடத்தின் மெக்கானிக்கான ஜோசப் தாவீத் இறுதிவரை உடனிருந்தார்.

இரண்டாம் தடை ஒளி. இது அழுத்தத்தைவிடப் பிடிவாதமானது. கதிரவன் ஒளியில் ஒரு பகுதி நீர்ப்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடுகிறது. (என் கைப்பேசிப் படத்தைக் கெடுத்தது இதுதான்.) உள்ளே புகுந்த ஒளியிலும் செந்நிறத்தை நீர் முதல் சில மீட்டர்களிலேயே விழுங்கிவிடும். அப்பால் எல்லாம் நீலமும் பச்சையும்தான். நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஒளியைச் சிதறடித்துப் பனிமூட்டம்போல் ஆக்கிவிடும். பூத்தான் லென்சின் முன் நீலக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். படம் தெளிவு பெற்றது. ஆனால் கண்ணாடியும் தன் பங்குக்கு ஒளியைக் குறைத்தது. முடிவு என்னவென்றால், சில படங்களுக்குத் திரையை அரைமணி நேரம் வரை திறந்து வைத்திருக்க வேண்டியதாயிற்று.

நம் ஊர் ஸ்டூடியோவில் கண் இமைக்காமல் ஒரு நொடி இருக்கச் சொன்னாலே நமக்கு முடிவதில்லை. இவரோ, எடை கட்டிய தாங்கியில் கருவியைக் கடல்தரையில் நிறுத்தி, தம் காலடியால் கிளம்பிய சேறு படியும்வரை காத்திருந்து, பின் திரையைத் திறந்துவிட்டு அரைமணி நேரம் அங்கேயே இருந்தார். மேலே ஆள்கள் பம்பைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்கள்.

அரைமணி நேரம் காத்துக் கிடைத்த படத்தில் என்ன இருந்தது? பாறை இருந்தது. அசையாத கடற்பாசியும் ஓரளவு இருந்தது. மீன் இல்லை! ஓடும் உயிர், மெல்லப் பதியும் தட்டில் தடமே விடாது. அந்த அரைமணியில் எத்தனை மீன்கள் லென்சின் முன்னே நீந்திப் போயிருக்கும்? ஒன்றுகூடப் பதியவில்லை. கடலின் உயிர்களைக் காட்டப் புறப்பட்டவருக்கு, உயிர்கள் குடிபெயர்ந்த ஊர்போல் ஒரு கடல் கிடைத்தது. நான் அவர் இடத்தில் இருந்திருந்தால், இதுவே பெரிது என்று கட்டுரை எழுதி வெளியிட்டுவிட்டு அமைதியாகியிருப்பேன். அவரும் 1893லேயே கட்டுரை எழுதி வெளியிட்டார், ஆனால் அமைதியாகவில்லை. அடுத்த ஆறாண்டுகள் அவர் போராடியது முழுவதும் அந்த அரைமணி நேரத்தைக் குறைப்பதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒளி மேலேயிருந்து வராவிட்டால் உடன்கொண்டு போகவேண்டும். பள்ளியில் மக்னீசிய நாடாவை எரித்துக் காட்டியபோது கண் கூசியது நம் அனைவருக்கும் நினைவிருக்கும். ஷோஃபூர் என்ற மின்பொறியாளர் அதைக் கொண்டே ஒரு விளக்குச் செய்து கொடுத்தார். கண்ணாடிக் குடுவைக்குள் ஆக்சிஜனை நிரப்பி, சுருட்டிய மக்னீசியக் கம்பியை வைத்து, மின்சாரத்தால் அதைப் பற்றவைப்பது. பின்னாளில் ஒளிப்படக்காரர்கள் பயன்படுத்திய ஃபிளாஷ் பல்புக்கு இதைப் பாட்டன் என்றே சொல்லலாம். ஆனால் பாட்டன் முரடன். சுடர் ஒரே சீராக எரியவில்லை. வெண்புகை கண்ணாடியின் உட்புறத்தில் படிந்து ஒளியை மறைத்தது. வெப்பத்தில் குடுவை வெடிக்கும் அச்சமும் இருந்தது. செம்புக் கவசத்துக்குள் தலையை வைத்துக்கொண்டு, கைக்கெட்டும் தூரத்தில் ஆக்சிஜன் நிறைந்த கண்ணாடிக் குண்டோடு கடலடியில் நிற்பதை எண்ணிப் பாருங்கள்.

பிறகு தாவீதும் அவரும் சேர்ந்து வேறொரு வழி கண்டார்கள். இருநூறு லிட்டர் பிடிக்கும் ஒரு மரப்பீப்பாய். அதில் ஆக்சிஜன் செறிந்த காற்று. பீப்பாயின் தலையில் ஒரு சாராய விளக்கு. விளக்கைக் கவிழ்த்து மூடிய கண்ணாடி மணி. ஒரு ரப்பர்க் குமிழை அழுத்தினால் மக்னீசியப் பொடி சுடரின்மேல் ஊதப்படும், பளீரென்று மின்னல். காற்று நிறைந்த பீப்பாய் மிதக்கத்தானே பார்க்கும்? ஆகவே கனத்த எடைகளைக் கட்டி அதை அமிழ்த்தினார்கள். மத்தியதரைக் கடலின் அடியில் எரியும் விளக்கோடு ஒரு பீப்பாயும், அதன் பக்கத்தில் செம்புத் தலையோடு ஒரு பேராசிரியரும்! சிரிப்பு வருகிறது; ஆனால் அது வேலை செய்தது. அரைமணி நேரம் ஒரு கணமாகச் சுருங்கியது. அசையும் உயிரையும் பிடிக்கலாம் என்பது உறுதியாயிற்று.

அதன்பின் கருவிகளை மேலும் மேலும் திருத்திக்கொண்டே போனார். 18 செ.மீ.க்கு 24 செ.மீ. அளவுள்ள பெரிய தட்டுகளைக் கொள்ளும் கருவியொன்றைச் செய்தபோது, அதைத் தரையில் நகர்த்தவே பல ஆள்கள் வேண்டியிருந்தது. நீருக்குள் எடையைக் குறைக்க வெற்றுப் பீப்பாய் ஒன்றை அதன்மேல் கட்டினார்கள். விளக்குப் பீப்பாய்க்கு எடை கட்டி அமிழ்த்தியவர்கள், கனத்த கருவிக்குப் பீப்பாய் கட்டி மிதக்க வைத்தார்கள். ஆர்க்கிமிடீஸ் இரண்டுக்கும் பொது. 1899இல் அவர் மின்சாரத்தை முழுவதுமாகத் துணைக்கழைத்தார். நீர் புகாத உறைகளுக்குள் வில்விளக்குகள். அவற்றுக்குச் சேமக்கலங்களிலிருந்து மின்சாரம். திரையைத் திறக்க மின்காந்தம். கருவியையும் விளக்குகளையும் ஆழத்தில் இறக்கிவிட்டு மேலேயிருந்தே இயக்கலாம். இம்முறையில் 50 மீட்டர் ஆழத்தில் படமெடுத்தார். அங்கே பெட்டியின் மேல் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஐந்து கிலோ அழுத்தம். பகலிலும் மங்கிய நீல இருள்.

அவருடைய படங்களுள் பலரும் கண்டிருக்கக்கூடியது, 1899இல் எடுக்கப்பட்டதாகக் குறிக்கப்படும் ஒன்று. முழு மூழ்குடையில் கடல்தரையில் நிற்கும் ஒரு மனிதர். அவர் எமில் ரக்கோவிட்சா, ருமேனிய நாட்டு உயிரியலார். பெல்ஜிக்கா என்ற கப்பலில் தென்துருவப் பகுதிக்குச் சென்று, பனியில் சிக்கி ஒரு நீண்ட குளிர்காலத்தைக் கழித்த குழுவின் விலங்கியலார் இவர்தான். பின்னாளில் குகைவாழ் உயிரினங்களைப் பற்றிய துறைக்கு அடித்தளம் இட்டவரும் இவரே. 1900இல் பூத்தான் தம் அனுபவங்களையெல்லாம் தொகுத்துக் கடலடி ஒளிப்படம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அத்துறையில் உலகின் முதல் நூல் அது. தாவீத், ஷோஃபூர், ஓகுஸ்த் ஆகியோரின் பங்கை மறைக்காமல் சொன்னதால்தான் இன்று அப்பெயர்கள் நமக்குத் தெரிகின்றன. தோற்ற முயற்சிகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. செய்முறைத் தேர்வில் விடை ஒத்துவராவிட்டால் எண்ணைத் திருத்தி எழுதும் நம்மில் சிலர் (பெயர் சொல்ல மாட்டேன்) இதைக் கவனிக்கலாம்.

வியப்பு என்னவென்றால், நூல் வெளிவந்ததோடு அவர் இத்துறையை ஏறக்குறைய விட்டுவிட்டார். தாம் ஒளிப்படக்காரர் அல்லர், விலங்கியலார் என்பதே அவர் எண்ணமாக இருந்திருக்க வேண்டும். 1904 அளவில் இந்தோசீனா சென்று ஹனோயில் அறிவியல் குழு ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். அங்கே காப்பிச் செடியின் தண்டைக் குடையும் வண்டினத்தை ஆராய்ந்தார். நம் சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டக்காரர்களையும் துன்புறுத்தும் அதே வெள்ளைத் தண்டுத் துளைப்பான்தான் அது. அங்கிருந்து ஒரு பெண் கிப்பன் குரங்கைக் கொண்டுவந்து வீட்டில் வளர்த்து, தன் இனத்தின் குரலைக் கேளாமல் வளர்ந்த அது எத்தகைய ஒலிகளை எழுப்புகிறது என்று ஆண்டுக்கணக்கில் குறித்து 1913இல் வெளியிட்டார். போர்தோ பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியராகவும் விளங்கினார்.

முத்து ஆராய்ச்சி மட்டும் அவரைக் கடைசிவரை விடவில்லை. 1890களின் இறுதியிலேயே ஹேலியோடிஸ் என்னும் காதுவடிவக் கடல் நத்தையில் செயற்கையாக முத்து உண்டாக்கிக் காட்டியவர் அவர். 1921இல் ஜப்பானிய மிக்கிமோட்டோவின் வளர்ப்பு முத்துகள் ஐரோப்பியச் சந்தைக்கு வந்தபோது, இவை போலிகள் என்று நகை வணிகர்கள் கூச்சலிட்டார்கள். பூத்தான் அம்முத்துகளை அறுத்து ஆராய்ந்தார். சிப்பி சுரந்த முத்துப்படலம் இயற்கை முத்தில் எப்படியோ அப்படியேதான் இதிலும் இருக்கிறது. உள்ளே வைத்த கரு ஒன்றே வேறுபாடு என்று துணிந்து கூறினார். வணிகர்களுக்கு அது இனித்திருக்காது. முத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1925இல் வெளிவந்தது. 1973இல் நம் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்து உண்டாக்கி வெற்றி கண்ட செய்தியை அறிந்தவர்களுக்கு, இந்த வழக்கின் அருமை புரியும்.

அவர் விட்ட இடத்திலிருந்து பிறர் தொடர்ந்தார்கள். 1926இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவை ஒட்டிய கடலில் லாங்லி என்ற விலங்கியலாரும் மார்ட்டின் என்ற ஒளிப்படக்காரரும் மீன்களை வண்ணத்திலேயே பிடித்தார்கள். அவர்கள் பயன்படுத்தியதும் மக்னீசியப் பொடிதான்; அது முந்திப் பற்றிக்கொண்டதில் லாங்லி கடுமையான தீக்காயமுற்றார். 1943இல் கூஸ்தோவும் காஞ்ஞானும் மூச்சுக் கருவியை உருவாக்கியபின், மூழ்குபவர் குழாயிலிருந்து விடுதலை பெற்று மீனைப்போலவே நீந்தினார். இன்று பள்ளி மாணவனும் நீர் புகாத கருவியோடு கடலில் குதித்து நூறு படம் எடுத்து வருகிறான்.

பூத்தானின் கடைசி ஆண்டுகள் அல்ஜீரியாவில் கழிந்தன. 1934இல் அந்நாட்டின் டிக்சிர்ட் என்னும் கடலோர ஊரில் அவர் காலமானார். வயது எழுபத்தைந்து.

சென்ற பொங்கல் விடுமுறையில் இந்தக் கதையை அப்பாவிடம் சொன்னேன். மோட்டாரின் தண்டுச் சீலை மாற்றிக்கொண்டே கேட்டார். செப்புப் பெட்டி என்றதும், மூடிக்கு என்ன வாசர் போட்டார்கள் என்றார். ரப்பர்ப் பையைப் பற்றிச் சொன்னதும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். நீர்மூழ்கி மோட்டாருக்குள்ளும் முதலிலேயே நீரோ எண்ணெயோ நிரப்பி, உள்ளும் புறமும் அழுத்தம் ஒத்துப்போகும்படிதான் செய்வார்கள் என்றும், காற்றை வைத்து அதையே செய்தவன் கெட்டிக்காரன் என்றும் சொன்னார். மூன்று வகுப்பில் எனக்குப் புரியாதது அவருக்கு ஒரு வரியில் புரிந்தது.

பிறகு ரக்கோவிட்சாவின் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். அம்மாவும் வந்து எட்டிப் பார்த்தார். கல்யாணப் பானையைத் தலையில் கவிழ்த்தது போல இருக்கிறது என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். கீழே நிற்பவர் பெயர் தெரிகிறது, படம் எடுத்தவர் பெயரும் தெரிகிறது. அந்நேரம் மேலே படகில் பம்பைச் சுற்றிக்கொண்டிருந்தது யார் என்று கேட்டார். நான் படித்தவற்றில் அந்தப் பெயர் இல்லை.